பட்டிப்பளை நீர்த்தேக்கமும் பாசறை வாழ்வும்

வீட்டை விட்டு நீங்கி, காட்டோரத்திலோ நீர்க்கரையிலோ கூடாரம் அடித்து, இரண்டொரு நாள் தங்கி வரும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதனை வெறும் பொழுதுபோக்கு என்பர் சிலர். பணம் படைத்தோரின் விளையாட்டு என்பர் வேறு சிலர். கல்வியின் ஒரு கூறு எனக் கொள்வோரும் உளர். எவ்வாறு கொள்ளினும் ஓர் உண்மை மாறுவதில்லை. பாசறை அடிப்பவன் தங்கும் நிலம் அவனுடையதன்று. அங்கே அவன் விருந்தாளி. விருந்தாளியின் ஒழுக்கம் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதையும், அவ்வொழுக்கம் தவறினால் யாருக்கு என்ன கேடு நேரும் என்பதையும் ஆராய்வதற்கு இலங்கையில் மிகப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. கிழக்கு மாகாணமும் ஊவா மாகாணமும் சந்திக்கும் எல்லையில், சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெரும் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்து கிடக்கும் கல்லோயாத் தேசியப் பூங்காவே அவ்விடம்.

பாசறை என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. போர்மேற் சென்ற வேந்தன் தன் படையோடு தங்கும் இடத்தைப் பழந்தமிழ் நூல்கள் அப்பெயராற் குறித்தன. காட்டை வெட்டி வெளியாக்கி, முள்வேலி இட்டு, தழை வேய்ந்த குடில்களை எழுப்பி அமைத்த பாசறையின் தோற்றத்தை முல்லைப்பாட்டு விரிவாகக் காட்டுகின்றது. போருக்குரிய அச்சொல்லை இக்காலத்தில் அமைதிக்குரியதாக மாற்றியவர்கள் சாரணர்கள் எனலாம். 1907 ஆம் ஆண்டில் பேடன் பவல் பிரபு இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் இருபது சிறுவர்களை அழைத்துச் சென்று சோதனையாக ஒரு பாசறை நடத்தினார். அடுத்த ஆண்டில் தோமஸ் ஹைரம் ஹோல்டிங் என்பவர் பாசறை வாழ்வோருக்கென ஒரு கைந்நூலை வெளியிட்டார். 1912 இல் மாத்தளையில் ஒரு குழு தோன்ற, சாரணர் இயக்கம் இலங்கையிலும் கால்கொண்டது. அதுமுதல் பாடசாலைகள் வழியாகக் கூடார வாழ்வு நாடெங்கும் அறிமுகமாயிற்று.

ஆயினும், கூடாரம் வருமுன்னரே காட்டில் இராத் தங்கும் கலையை இந்நாட்டுத் தமிழர் அறிந்திருந்தனர். வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள், உகந்தையைக் கடந்து, குமுக்கன் ஆற்றைத் தாண்டி, யாலக் காட்டினூடே செல்லும்போது நீர்நிலை கண்ட இடத்தில் தங்குவர். மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுவர். உண்டபின் மரத்தடியிற் படுப்பர். விடியுமுன் எழுந்து நடப்பர். காடு முருகனுடையது என்னும் எண்ணம் அவர்களின் கையையும் வாயையும் கட்டியிருந்தது. விலங்கைச் சீண்டுவதில்லை; வேண்டாத கிளையை முறிப்பதில்லை. இக்காலப் பாசறையாளனுக்குச் சட்டம் கற்பிப்பதை அக்கால அடியாருக்குப் பக்தி கற்பித்தது.

இனி, இடத்தின் வரலாற்றை நோக்குவோம். மதுல்சீமைப் பக்கத்து மலைகளில் ஊற்றெடுத்துக் கிழக்கே ஓடிக் கடலைச் சேரும் ஆற்றைச் சிங்கள மக்கள் கல்லோயா என்பர்; தமிழ் மக்கள் பட்டிப்பளை ஆறு என்பர். மாரியில் இவ்வாறு கரை புரண்டு வயலையும் ஊரையும் அழிப்பதும், கோடையில் மணலாய் வறண்டு கிடப்பதும் வழக்கம். இதனை அடக்கிப் பயன்கொள்ளும் பொருட்டு, முதலாவது பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் காலத்தில், 1949 ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலை என்னுமிடத்தில் இரு குன்றுகளுக்கிடையே அமெரிக்கக் கம்பனி ஒன்றின் துணையோடு அணை எழுந்தது. 1950களின் தொடக்கத்தில் ஆற்று நீர் பின்னோக்கிப் பரந்து பள்ளத்தாக்கை நிரப்பிற்று. ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் இத்தேக்கம் இலங்கையிலேயே மிகப் பெரியது. பொலன்னறுவையிலுள்ள பராக்கிரம சமுத்திரத்தைப் போல் ஏழு மடங்கு நீர் இதில் அடங்கும் என்றால் இதன் பரப்பை ஒருவாறு ஊகிக்கலாம். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் நெல்வயல்களும், அணையை அடுத்து உருவான குடியேற்றங்களின் வயல்களும் இந்நீரையே நம்பி விளைகின்றன.

அணை கட்டியவர்கள் ஒரு செய்தியை நன்குணர்ந்திருந்தனர். நீர்த்தேக்கத்தின் ஆயுள் அணையின் உறுதியில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை; அதற்கு மேலேயுள்ள மலைச்சாரலின் காட்டிலும் தங்கியிருக்கின்றது. காடு செறிந்த சாரலில் விழும் மழைத்துளி முதலில் இலையில் விழுகின்றது. பின்னர்ச் சருகில் விழுகின்றது. அதன்பின்னரே மண்ணைத் தொடுகின்றது. வேகம் தணிந்த அந்நீர் மண்ணுள் இறங்கி, சிறிது சிறிதாகக் கசிந்து ஓடையாகின்றது. காடு அழிந்த சாரலிலோ துளி நேரே மண்ணில் அறைந்து, அதனைக் கரைத்து, சேறாக்கிக் கீழே கொண்டு செல்கின்றது. அச்சேறு தேக்கத்தின் அடியிற் படிகின்றது. படிந்த சேற்றை அள்ளி வெளியேற்றுவது எந்த அரசாங்கத்துக்கும் எளிதன்று. எனவே, நீரைக் காக்க வேண்டுமாயின் காட்டைக் காக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்து, 1954 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் திகதி, ஏறத்தாழ 25,900 ஹெக்டயர் நிலத்தைத் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்தனர். 1965 வரை அபிவிருத்திச் சபையின் கையிலிருந்த அது, பின்னர் வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தது.

உலகின் முதலாவது தேசியப் பூங்காவாகிய யெலோஸ்ரோன் 1872 இல் அமெரிக்காவில் அமைந்தபோது, அரிய இயற்கைக் காட்சிகளை மக்கள் கண்டு மகிழ்வதற்காகப் பேணுதல் அதன் நோக்கமாயிருந்தது. இலங்கையில் 1938 இல் பிரகடனமான யால, வில்பத்து ஆகியவற்றின் நோக்கம் முதன்மையாக வனவிலங்குகளைக் காத்தலாகும். கல்லோயாப் பூங்கா இவற்றினின்றும் வேறுபட்டது. வயலுக்குப் பாயும் நீரைக் காத்தற்கென்று இக்காடு காக்கப்படுகின்றது. அங்கே ஒரு மரத்துக்குத் தீங்கு செய்பவன், அதனை அறியாமலே, பல மைல் தொலைவிலுள்ள ஓர் உழவனின் வாய்க்காலில் கைவைக்கின்றான்.

இப்பூங்காவின் நிலத்தோற்றம் ஒரு தன்மையதன்று. நீர்க்கரையை அடுத்துப் புல்வெளிகள் உள்ளன. அவற்றுக்கு அப்பால் உலர்வலயத்துக்குரிய பசுமை மாறாக் காடு உண்டு. மேற்கே நீலகலைப் பக்கத்தில், இலுக்குப் புல்லும் மானாப் புல்லும் உயர்ந்து வளர, இடையிடையே மரங்கள் தனித்தனி நிற்கும் சவன்னா நிலம் பரந்துள்ளது. இந்த மரங்களைக் காணும் தமிழர் வியப்படைவர். ஏனெனில் அவை வீட்டு மருந்துப் பெட்டியிற் பழகியவை. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் என்னும் மூன்றும் சேர்ந்ததே திரிபலை. அம்மூன்று மரங்களும் ஒருங்கே செழித்திருக்கும் இடம் இது. இதனால் நாட்டு வைத்தியர்கள் இக்காட்டை நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர்.

விலங்குகளுள் முதலிடம் யானைக்கே உரியது. பங்குனி தொடங்கி ஆடி வரையுள்ள மாதங்களில் தேக்கத்தின் நீர் படிப்படியாக வற்றும். நீர் விலகிய சேற்று நிலத்தில் இளம்புல் முளைக்கும். அதனை மேய்வதற்கு யானைகள் கூட்டங் கூட்டமாகக் கரைக்கு வரும். இங்கு வேறெங்கும் எளிதிற் காணக்கிடையாத காட்சி ஒன்று உண்டு. அணை எழுமுன் குன்றுகளாக நின்றவை இன்று நீர்நடுவே தீவுகளாய் நிற்கின்றன. அத்தீவுகளின் புல்லை நாடி யானைகள் ஆழ்நீரில் நீந்திச் செல்கின்றன. பெருத்த உடல் முழுதும் நீருள் மறைய, தலையின் உச்சியும் தும்பிக்கையின் நுனியும் மாத்திரமே வெளியே தெரியும்.

இவ்வளவு பெரிய விலங்கு எங்ஙனம் நீந்துகின்றது என்று கேட்கலாம். பெரிய வயிற்றையுடைய யானையின் உடல் நீரில் மிதக்கும் இயல்பினது. நான்கு கால்களும் துடுப்பாகின்றன. தும்பிக்கை மூச்சுக் குழாயாகின்றது. மற்றைய பாலூட்டிகளில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. யானையிலோ அவ்விடைவெளியை இழையம் நிரப்பி உறுதிப்படுத்தியுள்ளது. நீருள் அமிழ்ந்தவாறே நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள காற்றை இழுக்கும்போது உண்டாகும் அழுத்த வேறுபாட்டைத் தாங்க இவ்வமைப்பு உதவுகின்றது என்பது விஞ்ஞானிகளின் கருத்து. மனிதன் ஒருவன் நீண்ட குழாயொன்றை வாயில் வைத்துக்கொண்டு அவ்வாழத்தில் மூச்சுவிட முயன்றால் அவன் நெஞ்சு தாங்காது.

யானையன்றி, சிறுத்தை, கரடி, மரை, புள்ளிமான், காட்டெருமை, பன்றி என்பனவும் இங்குண்டு. பறவைகளில் ஏறத்தாழ 150 இனங்கள் காணப்படுகின்றன. தேக்கத்தின் நடுவேயுள்ள தீவொன்றில் நீர்க்காகங்களும் பிற நீர்ப்பறவைகளும் திரண்டு கூடு கட்டுவதால் அதற்குப் பறவைத் தீவு என்றே பெயர் வந்தது. நீரில் மூழ்கி இறந்தும் வீழாது நிற்கும் பட்ட மரங்களின் உச்சியில் மீன்பிடிக் கழுகு அமர்ந்திருப்பதை வள்ளத்திற் செல்வோர் காணலாம்.

இத்தகைய இடத்தில் தங்க விரும்புவோர் அறிய வேண்டியவை யாவை? முதலாவது, அனுமதி. தேசியப் பூங்காவில் விரும்பிய இடத்திற் கூடாரம் அடிக்க எவருக்கும் உரிமையில்லை. திணைக்களம் குறித்த இடத்தில், குறித்த நாளில், அதன் வழிகாட்டியோடு தங்குதலே முறை. வழிகாட்டியின் சொல்லை மீறி வாகனத்தை விட்டிறங்குதலும், இருட்டியபின் பூங்காவினுள் உலாவுதலும் ஆகா. இவ்விதிகள் பயணியின் இன்பத்தைக் குறைப்பதற்காக ஏற்பட்டவை அல்ல; அவனது உயிரைக் காப்பதற்காகவே ஏற்பட்டவை.

இரண்டாவது, காலம். இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி வாடைக்காற்றோடு வருவது. ஐப்பசி முதல் தை வரை பாதைகள் சேறாகும். கூடாரத்தினுள் நீர் புகும். அட்டைகளும் தொல்லை தரும். பங்குனியிலிருந்து ஆடி வரையே பாசறைக்கேற்ற காலம். ஆனால் அக்காலத்துக்கும் ஓர் இடர் உண்டு. கிழக்கு மாகாணத்தவர் நன்கறிந்த கச்சான் காற்று வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து அனலாய் வீசும். பரந்த நீர்ப்பரப்பில் அது எழுப்பும் அலையை, வாவியைக் குளமென்று எண்ணி வந்தோர் எதிர்பார்ப்பதில்லை. ஆதலின் வள்ளப் பயணத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்வது நன்று. வெயில் ஏறிக் காற்று வலுக்குமுன் கரை சேர்ந்துவிட வேண்டும். நீந்தத் தெரிந்தவரும் மிதவை உடுப்பு அணிதல் வேண்டும். நீருள் மறைந்து நிற்கும் பட்ட மரங்கள் வள்ளத்தைக் கவிழ்க்க வல்லவை.

மூன்றாவது, இடத்தெரிவு. குறிக்கப்பட்ட தங்குமிடத்துக்குள்ளேயே கூடாரத்தை எங்கு நாட்டுவது என்பதைச் சிந்தித்துச் செய்தல் வேண்டும். நீருக்கு மிக அருகில் நாட்டலாகாது. இராக்காலத்தில் நீர்க்கரை விலங்குகளின் பாதை. முதலைக்கும் அதுவே இடம். அகன்று தேய்ந்து, நீரை நோக்கி இறங்கும் தடம் தென்பட்டால் அது யானைத்தடம் எனக் கொள்ளலாம். அதனருகில் கிடக்கும் இலத்தி அதற்குச் சான்று. யானை தன் வழியை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. வழியை அடைத்தவனே விலக வேண்டும். காய்ந்த கிளையின் கீழும் கூடாரம் ஆகாது. கனி தரும் மரத்தின் கீழும் ஆகாது. பாலைப்பழம் உதிரும் காலத்தில் அம்மரத்தை நாடிக் கரடி வரும். இந்நாட்டு விலங்குகளுள், எதிர்பாராது சந்திக்கும்போது கரடியைப் போல் அஞ்சத்தக்கது வேறில்லை என்பது காட்டில் உழைப்போர் கூறும் அனுபவம்.

உணவைக் கூடாரத்தினுள் வைத்துக்கொண்டு உறங்குதல் பெரும் பிழை. யானையின் மோப்ப சக்தி மிகக் கூர்மையானது. அரிசி, உப்பு, பழம் என்பவற்றின் மணத்துக்காக அது வீட்டுச் சுவரையே இடிக்கும். துணிச் சுவரை ஒரு பொருட்டாகக் கொள்ளாது. எனவே உணவுப் பொருள்களை இறுக மூடி வாகனத்தினுள் வைத்தல் வேண்டும். தேக்கத்து நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும். இரவில் வெளியே செல்வோர் கையில் மின்விளக்கும் காலிற் சப்பாத்தும் இன்றிச் செல்லலாகாது. புடையன் பாம்பு இருளில் வெளிப்படும் இயல்புடையது. எவரையேனும் பாம்பு தீண்டினால், கடிவாயைக் கீறுதலும் இரத்தத்தை உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கானவை. தீண்டப்பட்ட உறுப்பை அசையாமல் வைத்து, அச்சந் தணித்து, இயன்ற விரைவில் அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே செய்யத்தக்கது.

இதுவரை கூறியவை பாசறையாளன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள். காட்டை அவனிடமிருந்து காக்கும் வழிகள் இவற்றினும் முக்கியமானவை. அவற்றுள் தலையாயது தீயைப் பற்றியது.

நீலகலைச் சவன்னாவும் தீயும் ஒன்றுக்கொன்று பழக்கமானவை. கடுக்காயும் தான்றியும் நெல்லியும் தடித்த பட்டையுடையவை. புல்லிற் பற்றிய தீ விரைந்து கடந்துபோகுமாயின் முதிர்ந்த மரங்கள் பிழைத்துக்கொள்ளும். புல்லும் வேரிலிருந்து மீண்டுந் தளிர்க்கும். இதனை அறிந்தோர் சிலர், ‘தீயினாற் கேடில்லை’ என வாதிப்பர். வாதத்தின் பாதி உண்மை, மறுபாதி ஆபத்தானது. முதிர்ந்த மரம் பிழைக்கும். ஆனால் அதன் கன்று பிழைக்காது. ஆண்டுதோறும் தீ வருமாயின் ஒரு கன்றும் மரமாவதில்லை. முதிர்ந்தவை ஒவ்வொன்றாய் வீழ, அவற்றின் இடத்தை நிரப்ப ஒன்றுமில்லாமற் போகும். பெரும்பாலான தீ இயற்கையாக மூள்வதுமன்று. புதுப்புல்லை நாடும் விலங்கை வேட்டையாடுவதற்காக வைப்பவரும், மேய்ச்சலுக்காக வைப்பவரும், கவனக்குறைவாக விட்டுச் செல்பவரும் ஆகிய மனிதரே அதற்குக் காரணர்.

மாணவர் குழுவொன்று ஆடி மாதத்தில் அடுப்பை அணைக்காது புறப்பட்டதாகக் கொள்வோம். சாம்பலினுள்ளே ஒரு கொள்ளி கனன்று கிடக்கின்றது. பிற்பகலிற் கச்சான் எழுகின்றது. பொறி பறந்து காய்ந்த இலுக்கிற் பற்றுகின்றது. மாலைக்குள் ஒரு சாரல் கருகிவிடும். சருகும் இல்லை, புல்லும் இல்லை என்னும் நிலையில் ஐப்பசி மழை அச்சாரலின் மேல் அறைகின்றது. சாம்பலும் மேல்மண்ணும் கலந்து ஓடையில் இறங்குகின்றன. ஓடை தேக்கத்திற் சேர்க்கின்றது. அவ்வாண்டு ஒன்றும் தெரியாது. அடுத்த ஆண்டும் தெரியாது. இவ்வாறு பல ஆண்டுகள் நடந்தால், தேக்கம் கொள்ளும் நீர் குறையும். மழை பொய்க்கும் ஓராண்டில், வாய்க்காலின் கடைக்கோடியிலுள்ள வயலுக்கு நீர் எட்டாது போகும். அந்த வயலின் உழவனுக்குப் பாசறையும் தெரியாது. மாணவர் குழுவையும் தெரியாது. ஆனால் அவர்கள் அணைக்காத அடுப்புக்கு அவனும் விலை கொடுக்கின்றான்.

இக்கேட்டைத் தவிர்ப்பது கடினமன்று. தீ மூட்ட அனுமதியுள்ள இடத்தில் மாத்திரம் மூட்டுதல் வேண்டும். சுற்றிலும் புல்லைச் செதுக்கி, வெறும் மண்ணாக்கி, சிறு குழியில் அடுப்பு வைத்தல் வேண்டும். சிறிய தீயே சமையலுக்குப் போதும். பெருந்தீ வீண் ஆடம்பரம். காற்று வலுத்தால் உடனே அணைத்தல் வேண்டும். புறப்படுமுன் நீரூற்றிக் கிளறி, மீண்டும் நீரூற்றி, சாம்பலை வெறுங்கையாற் தொட்டுப் பார்த்தல் வேண்டும். கை சுடாத சாம்பலே அணைந்த சாம்பல். வாயு அடுப்பைக் கொண்டு செல்வோருக்கு இத்தொல்லையும் இல்லை.

அடுத்தது குப்பை. முற்காலப் பயணியின் குப்பை வாழையிலையும் பனையோலைப் பெட்டியும் ஆகும். மண்ணே அவற்றை உண்டுவிடும். இற்றை நாட் பயணியின் குப்பையோ பொலித்தீன் பையும் பிளாஸ்ரிக் போத்தலும். உணவின் மணம் ஏறிய பொலித்தீனை யானையும் மானும் உணவென்றே கருதி விழுங்குகின்றன. அது குடலில் அடைத்துக்கொள்ள, உண்ணவும் செரிக்கவும் இயலாது அவை மெலிந்து மடிகின்றன. இது கற்பனையன்று. இதே அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்னும் ஊரிலுள்ள திறந்த குப்பை மேட்டில், பிளாஸ்ரிக் கழிவை உண்டு எட்டாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்னும் செய்தி 2022 ஆம் ஆண்டு ஜனவரியில் உலகெங்கும் வெளிவந்தது. அக்குப்பை மேடு ஊராரின் கழிவால் உருவானது. பாசறையாளன் காட்டினுள் விட்டுவரும் ஒவ்வொரு பையும் அதன் சிறு கிளையேயாகும்.

இக்குப்பைக்கு மற்றொரு கேடும் உண்டு. மனிதன் இருக்குமிடத்தில் எளிதில் உணவு கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட யானை காட்டை விட்டு ஊரை நாடுகின்றது. அணை கட்டியபின் தாழ்நிலக் காடுகள் வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் மாறியமையால், யானைக்கும் உழவனுக்கும் இடையிலான எல்லை ஏற்கெனவே குறுகியுள்ளது. 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் இம்மோதலினால் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். யானைக்கு வாழைப்பழம் எறிந்து மகிழும் பயணி, தான் அன்பு காட்டுவதாக எண்ணுகின்றான். உண்மையில், மறுநாள் அந்த யானை ஒரு குடிசையின் கதவைத் தட்டுவதற்கு அவனே பயிற்சி அளிக்கின்றான்.

இக்காட்டைப் பற்றிப் பேசும்போது அதன் பழைய குடிகளை மறத்தல் முறையன்று. தானிகல மலைச்சாரலிலும் ஹெனபெத்தையிலும் வாழ்ந்த வேடர்களை செலிக்மன் தம்பதியினர் நேரிற் கண்டு, 1911 இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதினர். மலைத்தேன் எடுத்தும், கிழங்கு அகழ்ந்தும், வேட்டையாடியும் அம்மக்கள் அங்கு வாழ்ந்தனர். நீர்த்தேக்கமும் பூங்காவும் உருவானபோது அவர்களின் பழைய வாழ்க்கை முறை அங்கே தொடர இடமில்லாமற் போயிற்று. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று இரத்துகல என்னும் ஊரில் வாழ்கின்றனர். பயணிகளுக்கு வழிகாட்டித் தம் காட்டறிவைப் பகிர்வோரும் அவர்களுள் உளர். காட்டைக் காப்பதற்காகத் தம் முன்னோரின் நிலத்தை இழந்தவர்கள் இருக்கின்றார்கள் என்பதை, அந்நிலத்தில் மகிழ்ச்சிக்காகத் தங்குவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் கொடுத்த விலையை வீணாக்காதிருத்தல் விருந்தாளியின் கடன்.

‘இவ்வளவு கட்டுப்பாடும் அச்சமும் இருப்பின் பாசறைக்குப் போகாமலே இருந்துவிடலாமே’ என்று ஒருவர் கேட்கக்கூடும். காட்டைக் காக்க மனிதரை முற்றாக விலக்கிவிடுதலே சிறந்த வழி எனச் சொல்வோரும் இல்லாமலில்லை. அக்கருத்தில் நியாயம் உண்டு. எனினும், கண்டறியாத ஒன்றை எவரும் நெடுநாட் காக்க முன்வருவதில்லை. நீந்திச் செல்லும் யானைக் குட்டியைத் தாய் தன் உடலால் அணைத்துச் செல்வதைக் கண்ட மாணவன், யானைகளின் எண்ணிக்கையைப் பாடநூலில் மாத்திரம் படித்த மாணவனிலும் வேறானவன். காலையில் தேக்கத்தின் மேற் படர்ந்த பனி கலையும்போது மலையும் காடும் நீரும் ஒரே அமைப்பின் உறுப்புகள் என்பது, விளக்கவுரை எதுவுமின்றி அவனுக்கு விளங்கும். நெற்சோற்றுக்கும் நெல்லி மரத்துக்கும் இடையிலுள்ள உறவை அவன் அங்கே கற்கின்றான். பின்னாளில் அவன் அதிகாரியாகவோ, ஆசிரியனாகவோ, வாக்காளனாகவோ, உழவனாகவோ ஆகும்போது அக்கல்வி அவனோடு இருக்கும்.

அன்றியும், பாசறை வாழ்வு மனிதரை மனிதரோடு பழக்குகின்றது. தண்ணீர் சுமப்பவன், விறகு சேர்ப்பவன், சமைப்பவன், காவல் இருப்பவன் என்று அங்கு ஒவ்வொருவருக்கும் பங்குண்டு. சாதி, செல்வம், மொழி என்னும் வேறுபாடுகளுக்கு ஒரு கூடாரத்தினுள் அதிக இடமிருப்பதில்லை. ஒரே வாய்க்காலின் நீரைப் பகிர்ந்துண்ணும் பல இனத்தாரின் பிள்ளைகள், அந்நீர் தேங்கும் கரையில் ஒன்றாய் இரண்டு நாள் தங்குவார்களாயின் அதனினும் பொருத்தமான பாசறை வேறு இராது.

மாணவரை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்கள் இரண்டு செயல்களை வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஒன்று, புறப்படுமுன் வகுப்பறையிலேயே ஒரு நிலப்படத்தை விரித்து, பட்டிப்பளை ஆறு பிறக்கும் மலையிலிருந்து அது கடலிற் கலக்கும் இடம் வரை விரலால் தடவிக் காட்டுதல். அவ்வழியில் எத்தனை ஊர்கள், எத்தனை வயல்கள் என்று மாணவரே எண்ணட்டும். மற்றொன்று, பாசறை கலையும் வேளையிற் செய்யவேண்டியது. கூடாரங்களைச் சுருட்டியபின் மாணவரை ஒரே வரிசையில் நிறுத்தி, தங்கிய நிலம் முழுவதையும் மெதுவாக நடந்து பார்க்கச் செய்தல் வேண்டும். கண்ணிற் பட்ட தாள், கயிறு, மூடி, தீக்குச்சி யாவற்றையும் பொறுக்கி வாகனத்தில் ஏற்ற வேண்டும். இறுதியில் ஆசிரியர் அடுப்புச் சாம்பலிற் கைவைத்துப் பார்த்த பின்னரே வாகனம் நகர வேண்டும். அம்முறை தவறாது நடக்குமாயின், மறுவாரம் அங்கு வருவோர் தமக்கு முன் யாரேனும் தங்கியிருந்ததை அறியார். தேக்கத்து நீரும், வழக்கம் போல, அக்கரைப்பற்று வயல்களைத் தேடிச் சென்றுகொண்டிருக்கும்.